குழி பறித்தது யார்?

"குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம்" என்று நம்மவர் ஒரு பழமொழி சொல்லுவதுண்டு. ஒரு துன்பத்தின் மேல் இன்னொரு துன்பமும் வந்து சேரும்போது இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது வழக்கம். இந்தப் பழமொழியை முதன் முதலில் சொன்னவர் ஒரு தடவையாவது குதிரை மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறியதோடு நில்லாமல் விழுந்தும் இருக்க வேண்டும் என்பது நமது துணிபு. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பெரியவரோடு நாம் மாறுபடுகிறோம். குதிரை கீழே தள்ளும், அதில் ஐயமில்லை. குழி பறிக்கும் வேலையைக் குதிரை செய்வதில்லை. அதைச் செய்வது யார் என்பது சமீபத்தில்தான் நமக்கு விளங்கிற்று. அதையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

குதிரையைப் பற்றி எழுத உமக்கு என்னையா யோக்கியதை என்று யாரேனும் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். நமக்குள்ள யோக்கியதை இதுதான்: நாம் குதிரையிலிருந்து விழுந்திருக்கிறோம்.

முப்பது வருஷங்களுக்கு முன்னால் நண்பர்கள் நால்வருடன் கொடைக்கானலுக்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் வாடகைக்கு நின்ற மட்டக் குதிரைகளில் ஒன்றின் மேல் நாம் ஏறி அமர்ந்தோம். குதிரைக்காரர் லகானைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவதாகத்தான் சொன்னார். நாம்தான், தேசிங்கு ராஜாவின் நேர் வாரிசு போல, "நீர் விலகி நில்லும்" என்று சொல்லிவிட்டோம். நூறு கஜ தூரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. அப்புறம் காற்றில் ஒரு காகிதம் பறந்து வந்தது. குதிரை இடப்பக்கமாகத் துள்ளியது. நாம் வலப்பக்கமாகப் போனோம். விழும்போது கையை ஊன்றினோம், மணிக்கட்டு முறிந்தது. எழுந்து பார்த்தால் அந்தக் குதிரை, இந்தச் சம்பவத்தில் தனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாதது போல் சாவதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. "மீசையில் மண் ஒட்டவில்லை" என்று நண்பர்கள் நம்மைத் தேற்றினார்கள். நமக்கு அப்போது மீசையே கிடையாது.

ஆறு வாரத்தில் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருஷமாக நாம் குதிரையின் பக்கம் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் விதவிதமாகப் பதில் சொல்லி வந்தோம். வாயில்லாப் பிராணியின் மேல் மனிதன் ஏறுவது தர்மம் அன்று என்றோம். நடப்பதே தேகத்துக்கு நல்லது என்றோம். கொடைக்கானலுக்குப் பிற்பாடு போனபோதெல்லாம், ஏரியை விட மேட்டுப் பாதையிலிருந்துதான் காட்சி அழகாக இருக்கிறது என்று சொல்லி அந்தப் பக்கமே போய்விட்டோம். இவ்வளவும் நமது சொந்த அபிப்பிராயங்கள் என்றே நாம் உண்மையாக நம்பிக் கொண்டிருந்தோம் என்பதுதான் இதில் விசேஷம்.

* * *

நம் அக்காள் மகளுக்குப் பதினாறு வயது. சென்ற வருஷம் அவளுக்குக் குதிரையேற்றம் பயில வேண்டுமென்ற ஆசை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். குதிரைப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அங்கே ஆசிரியர். பெண் வெகு சீக்கிரத்தில் தேர்ந்துவிட்டாள். நடையில் செலுத்தினாள், துள்ளோட்டத்தில் செலுத்தினாள், பத்தாவது மாதத்தில் இரண்டடி உயரத்துக் கட்டையைத் தாண்டவும் ஆரம்பித்தாள். ஒரு நாள் காலை, கட்டைக்கு அருகே ஓடி வந்த குதிரை தாண்டாமல் சடக்கென்று நின்றுவிட்டது. குதிரை நின்றது, பெண் நிற்கவில்லை. அதன் கழுத்துக்கு மேலாகப் போய் அப்பால் விழுந்தாள்.

தலைக்கவசம் அணிந்திருந்தபடியால் தலைக்கு ஆபத்தில்லை. இடது பக்கத்துக் காறையெலும்பு முறிந்தது. கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு பல வாரங்கள் வீட்டிலிருந்தாள். பிறகு வைத்தியர் எலும்பைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "நன்றாகக் கூடிவிட்டது, இனிக் குதிரை ஏறலாம்" என்று சொன்னார்.

எலும்பு கூடிவிட்டது; பெண் போகவில்லை. ஒரு வாரம் மழை என்றாள். மறு வாரம் பரீட்சை என்றாள். அதற்கு அடுத்த வாரம், குதிரையேற்றம் பணக்காரர்களின் வீண் விளையாட்டு என்று ஒரு சித்தாந்தமே பேசினாள். நாம் அதைக் கேட்டுத் திடுக்கிட்டோம். முப்பது வருஷமாக நாம் அரும்பாடுபட்டுச் சேகரித்து வைத்திருந்த சாக்குகளை இந்தப் பெண் மூன்றே வாரத்தில் எப்படிக் கண்டுபிடித்தாள்?

வீட்டில் இது பற்றி ஒரு மகாசபை கூடிற்று. பெண்ணின் தகப்பனார், "அவள் இஷ்டம்" என்று சொல்லிப் பத்திரிகைக்குள் மறைந்துகொண்டார். பாட்டி, "மாடிப்படியில் விழுந்தவள் மாடிக்கே போகமாட்டேன் என்பாளா?" என்றாள். அக்காளுக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. அவள் நம்மைத் தனியே அழைத்து, "தம்பி! அன்றைக்கு அவளைத் தூக்கி வந்த கோலத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. உன் வார்த்தைக்கு அவள் மதிப்புக் கொடுப்பாள். போதும் என்று நீயே சொல்லிவிடு" என்றாள்.

நாமும் சொன்னோம். சுமார் கால் மணி நேரம் பேசியிருப்போம். எதை விட வேண்டும் என்று அறிவதும் தைரியத்தில் ஒரு வகைதான் என்றோம். வீணை இருக்கிறது, பூப்பந்து இருக்கிறது என்றோம். பெண் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா! கொடைக்கானலில் விழுந்த பிறகு நீங்கள் மறுபடி ஏறினீர்களா?"

இல்லை என்றோம்.

"ஏன் மாமா?"

வாயில்லாப் பிராணி, தேக ஆரோக்கியம், மேட்டுப் பாதையின் அழகு ஆகிய மூன்றும் நமது நாவின் நுனி வரையில் வந்தன. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அவற்றைச் சொல்லக் கூடவில்லை.

அவளே மேலும் சொன்னாள்: "எனக்கு ஏற வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் லாயத்தின் வாசனை பட்டதுமே கை சில்லிட்டுப் போகிறது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னவுடன் மனசுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது மாமா. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை."

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு குழந்தைக்கு நாம் சொல்லிய புத்திமதி உண்மையில் புத்திமதிதானா? அல்லது முப்பது வருஷத்துக்கு முன் ஏரிக்கரையில் விழுந்தவனுடைய பயம் பெரிய மனிதனின் வேஷம் போட்டுக்கொண்டு வந்து பேசியதா?

* * *

அதன் பிறகு இவ்விஷயமாகச் சில நூல்களைப் படித்தோம். விஷயம் தெரிந்த சிலரிடம் விசாரித்தோம். "அந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை" என்று பதினாறு வயதுப் பெண் சொன்னதையே மனோதத்துவ சாஸ்திரிகளும் வேறு வார்த்தைகளில் சொல்லுகிறார்கள்.

பயப்படும் இடத்தை விட்டு நாம் விலகும்போது உடனே ஒரு சுகம் உண்டாகிறது. அந்தச் சுகம் பயத்துக்குக் கிடைக்கும் கூலி. கூலி பெற்ற வேலையாள் மறுநாளும் தவறாமல் வருவான் அல்லவா? அதேபோல் பயமும் மறுநாள் வருகிறது. முன்னிலும் சற்றுப் பலமாகவே வருகிறது. முதலில் கட்டையைத் தாண்டப் பயம். பிறகு குதிரை மேல் ஏறப் பயம். பிறகு லாயத்தின் வாசனைக்கே பயம். இப்படி நாளுக்கு நாள் ஒரு சாண் ஆழமாகிறது அந்தப் பழமொழிக் குழி. மண்வெட்டி நம் கையில்தான் இருக்கிறது. பழி மட்டும் குதிரையின் மேல்.

இதற்கு மாற்று என்னவென்றால், தாங்கக்கூடிய அளவு சிறிய பயம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது தானே தணிகிற வரையில் அங்கேயே நிற்பதுதான். அது தணிந்த பிறகு அடுத்த படி. படி சிறியதாயிருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரிய படியாகத் தாவிப் பாதியில் திரும்பி ஓடுவதுதான் நஷ்டம். ஏனெனில் அப்போது பயத்துக்கு மறுபடியும் கூலி கிடைத்துவிடுகிறது.

குதிரை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சைக்கிளுக்கு நம் பயம் தெரியாது. குதிரைக்குத் தெரியும். குதிரை ஐந்நூறு கிலோ எடைகூட இருக்கக்கூடிய பிராணியானாலும், காட்டில் பிறருக்கு இரையாகி வந்த ஜாதி. ஓடிப் பிழைத்ததே அதன் வரலாறு. அதனால்தான் அதன் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய நாற்புறமும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மாத்திரம் சிறிது இடம் அதன் பார்வைக்கு அகப்படாது. அதன் தோலில் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து விரட்டும். அத்தகைய முதுகின் மேல் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு, முழங்காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமல் இருக்குமா?

ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். குதிரையை நடத்திச் செல்லும்படியும் ஏறிச் செல்லும்படியும் சிலரை ஏற்பாடு செய்தார்கள். பல தடவை அவர்கள் ஒரே பாதையில் போய் வந்த பிறகு, "இந்தத் தடவை வழியில் ஒரு குடை சடக்கென்று விரியப் போகிறது" என்று அவர்களிடம் சொல்லி வைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆயினும் அந்த இடத்தில் மனிதர்களின் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டது; கூடவே குதிரைகளின் நெஞ்சும் வேகமாக அடித்துக்கொண்டது. குதிரைகளிடம் யாரும் குடையைப் பற்றிச் சொல்லவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது நாம் குதிரைகளைப் பற்றி நினைக்கவில்லை. அக்காளிடமிருந்தும் நம்மிடமிருந்தும் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பற்றியே நினைத்தோம்.

* * *

குதிரையிலிருந்து விழுந்தவர்களுக்கு உலகம் முழுவதும் ஒரே உபதேசம்தான் சொல்லப்படுகிறது: "விழுந்த சூட்டோடு மறுபடி ஏறு!" இதற்கு உதாரணமாகப் பலரும் எடுத்துக் காட்டுவது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் ராய்கிராஃப்ட் என்பவரை. 1960-ல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக்கில், காடு மேடுகளைத் தாண்டும் ஓட்டத்தில் அவரும் அவருடைய குதிரையும் சேர்ந்தே விழுந்தார்கள். அவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. காறையெலும்பு முறிந்தது, தலையிலும் அடி. ஆயினும் ஏறி ஓட்டத்தை முடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அணியில் இன்னொருவருடைய குதிரை நொண்டிவிட்டபடியால், இவர் வராவிட்டால் அணியே தோற்றுவிடும் என்ற நிலை. வைத்தியர்கள் தடுத்தும் கேளாமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறி, கடைசிப் பகுதியான தாண்டும் போட்டியில் ஒரு கட்டையைக்கூடத் தள்ளாமல் முடித்தார். ஆஸ்திரேலிய அணிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அவருடைய தீரத்தை நாம் தலை வணங்கிப் போற்றுகிறோம். ஆனால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அவரை வழிகாட்டியாக வைக்க மாட்டோம். தலையில் அடிபட்டு மூளை கலங்கியவர் அது தெளியுமுன் இன்னொரு தடவை அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதை இன்று வைத்திய சாஸ்திரம் தெளிவாகச் சொல்லுகிறது. அன்றியும், அன்றே ஏற முடியாமல் மாதக் கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு அந்த உபதேசத்தால் பிரயோஜனம் என்ன? சூடு ஆறிப் போன பிறகு ஏறுவது எப்படி? நமக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

அதற்கு நாம் கண்ட ஆசிரியை டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் என்ற மாதரசி. 1921-ல் பிறந்த அவர் இளம் வயதிலேயே சிறந்த குதிரையேற்றக்காரர் என்று பெயர் எடுத்தவர். டிரெஸாஜ் என்பது அவர் பயின்ற வித்தை. ஏறியிருப்பவர் கையசைவும் காலசைவும் பிறருக்குப் புலப்படாதபடி குறிப்புக் காட்ட, குதிரை நாட்டியமாடுவது போல் அடி எடுத்து வைக்கும் கலை அது. அதில் அவர் தம் நாட்டின் முதல் ஸ்தானத்தை வகித்தார். 1944-ஆம் வருஷத்தில், இருபத்து மூன்றாம் வயதில், இரண்டாவது குழந்தையைச் சுமந்திருக்கும்போது அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. கைகளும் கால்களும் விழுந்துவிட்டன. குழந்தை சௌக்கியமாகப் பிறந்தது. ஆனால் தாய் ஊன்றுகோலின் உதவியுடன் நடக்கும் காலம் வந்தால் அதுவே பெரிது என்று வைத்தியர்கள் கருதினார்கள்.

இந்த அம்மையாரைக் குதிரை தள்ளவில்லை, நோய் தள்ளிற்று என்பது உண்மைதான். ஆயினும் விழுந்த இடத்திலிருந்து மறுபடி சேணத்துக்குப் போகும் பாதை எல்லாருக்கும் ஒன்றே. அவர் முதலில் கையைத் தூக்கக் கற்றார். பிறகு குழந்தையைப் போலத் தரையில் தவழ்ந்தார். பிறகு ஊன்றுகோல்களின் மேல் நின்றார். அப்புறந்தான் குதிரை. பிறர் தூக்கி உட்கார வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உணர்வும் பலமும் திரும்பி வரவே இல்லை. காலால் செய்ய வேண்டிய குறிப்புகளையெல்லாம் உடலின் பாரத்தாலும் முதுகின் அசைவாலும் செய்யப் புதிதாகப் பயின்றார். அவருடைய குதிரையான ஜூபிலியும் அந்தப் புதுப் பாஷையைக் கற்றுக்கொண்டது. நோய் கண்ட மூன்றாம் வருஷம், 1947-ல், ஸ்காண்டிநேவிய நாடுகளின் போட்டியில் இரண்டாவதாக வந்தார்.

1948-ஆம் வருஷத்து ஒலிம்பிக் வரையில் டிரெஸாஜ் பந்தயத்தில் ஸ்திரீகளுக்கு இடமே இல்லை. 1952-ல் ஹெல்ஸிங்கியில்தான் முதன் முதலாகப் பெண்களும் ஆண்களோடு சரிசமமாகக் கலந்துகொள்ளலாம் என்று கதவு திறந்தது. லிஸ் ஹார்ட்டெலைக் குதிரை மேல் தூக்கி வைக்கவும் ஆள் வேண்டும். இறக்கவும் ஆள் வேண்டும். அந்த நிலையில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதல்வராக வந்த ஸ்வீடன் தேசத்து ஆன்ரி ஸாங் ஸீர் என்பவர், பதக்க மேடையில் ஏற அவருக்குக் கை கொடுத்து உதவினார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பதக்கம் பெற்ற முதல் பெண்மணிகளின் வரிசை இவரிடமிருந்தே ஆரம்பமாகிறது. நான்கு வருஷம் கழித்து, 1956-ல், ஸ்டாக்ஹோமில் மறுபடியும் அதே வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றார். 2009-ல் காலமாகும்வரை அவருடைய பெயர், ஊனமுற்றோர்க்குக் குதிரையேற்றத்தால் சிகிச்சை செய்யும் முறையோடு சேர்த்தே பேசப்பட்டு வந்தது.

இந்தக் கதையில் நம்மைக் கவர்ந்தது பதக்கம் அன்று. தவழ்ந்ததுதான். நாட்டில் முதலாவதாக வந்தவர், தரையில் தவழ்வதைத் தமக்குக் குறைவு என்று நினைக்கவில்லை. இழந்த பழைய நிலையை ஒரே தாவலில் பிடித்துவிட வேண்டுமென்று அவர் முயன்றிருந்தால் முதல் மாதத்திலேயே மனம் உடைந்திருக்கும். தன்னம்பிக்கை என்பதை நாம் முதலில் எங்கிருந்தோ சம்பாதித்துக்கொண்டு பிறகு காரியத்தில் இறங்குவதில்லை. சிறு காரியத்தைச் செய்து முடித்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக நம்மிடம் வந்து சேருகிறது.

* * *

மறு வாரம் அக்காளிடம் போய், நாம் சொன்ன புத்திமதியை வாபஸ் வாங்கிக்கொள்ளுவதாகத் தெரிவித்தோம். போகச் சொல்லவும் மாட்டோம், போகாதே என்று சொல்லவும் மாட்டோம், பெண் மனசு தெளிந்து முடிவு செய்யட்டும் என்றோம். பெண் தெளிவாகத்தான் இருந்தாள். "நான் போகிறேன். ஆனால் மாமாவும் வர வேண்டும்" என்றாள். வேடிக்கை பார்க்கத்தானே என்று கேட்டோம். "ஏறுவதற்கு" என்றாள்.

பள்ளியின் ஆசிரியர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். முதல் நாள் அவர் குதிரையின் அருகே போகக்கூடச் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே அரை மணி நேரம் நிற்கச் சொன்னார். இரண்டாம் நாள் ஆளுக்கு ஒரு காரட்டைக் கொடுத்து, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து அதில் வைத்து ஊட்டச் சொன்னார். மூன்றாம் நாள் தேய்த்துவிடச் சொன்னார். நான்காம் நாள் லகானைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும், "இன்னும் கொஞ்சம் செய்யலாமே" என்று எங்களுக்குத் தோன்றும் சமயம் பார்த்து நிறுத்திவிடுவார். அதுதான் அவருடைய ரகசியம் என்று பிறகு தெரிந்தது.

விழும் வித்தையையும் கற்றுக் கொடுத்தார். புல் தரையில் மெத்தை விரித்து, கையை ஊன்றாமல் தோளும் முதுகுமாக உருளப் பழக்கினார். நீட்டிய கையில் உடலின் பாரம் முழுவதும் இறங்கினால் மணிக்கட்டும் காறையெலும்பும் முறியக்கூடும் என்றார். முப்பது வருஷம் தாமதமாக வந்த இந்தச் செய்தியை மிக்க வந்தனத்துடன் ஏற்றுக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் பெண் ஏறினாள். வயது முதிர்ந்த சாதுவான பெண் குதிரை ஒன்று. ஆசிரியரே லகானைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. "கண்ணு, வாய்விட்டு ஏதாவது பாடு" என்றார் அவர். ஏன் என்று கேட்டோம். "பாடுகிறவர் மூச்சை அடக்க முடியாது சார். மேலே இருப்பவர் மூச்சு விட்டால் குதிரையும் மூச்சு விடும்" என்றார். பெண் மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றில் குரல் தெளிந்தது. குதிரை தலையைத் தாழ்த்தி, மூக்கால் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது.

வேலிக்கு அப்பால் அக்காள் நின்றுகொண்டிருந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவள் எப்போது வந்தாளோ தெரியாது. இரு கைகளாலும் வேலிக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பிடியும் சிறிது தளர்ந்ததை நாம் பார்த்தோம்.

பிறகு நமது முறை வந்தது. அதை விஸ்தரிக்கப் போவதில்லை. தலைக்கவசம் சிறியதாக இருந்தது. அங்கவடி உயரமாக இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நம்மை ஏற்றினார்கள். லகானைக் குதிரைக்காரர் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை அவரை விலகி நிற்கச் சொல்லவில்லை. நமக்குப் பாட்டு வராதாகையால் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னோம். மைதானத்தை ஒரு முறை சுற்றி வந்து இறங்கியபோது முழங்கால்கள் நடுங்கின. முப்பது வருஷமாக நமக்கு இல்லாத ஓர் இலேசு நெஞ்சில் இருந்தது.

பெண் இப்போது துள்ளோட்டம் வரையில் வந்துவிட்டாள். கட்டை இன்னும் தாண்டவில்லை. அது மைதானத்தில் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதன் மேலாக நடையில் போய் வருகிறாள். அடுத்த மாதம் அதை அரையடி உயர்த்தலாமா என்று அவளும் ஆசிரியரும் ஆலோசித்து வருகிறார்கள். உயர்த்தினாலும் சரி, உயர்த்தாவிட்டாலும் சரி. அக்காள் அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லுவதில்லை.

விழுந்தவர்கள் எல்லாரும் மறுபடி ஏறியே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆசை போய்விட்டால் விட்டுவிடலாம். வைத்தியர் வேண்டாமென்றால் விட்டுத்தான் ஆக வேண்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் ஆசை இருந்தும் போகாமல், போகாததற்குத் தர்மமும் தத்துவமும் பேச ஆரம்பித்தால் மட்டும், உங்கள் கையில் மண்வெட்டி இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். நம் கையில் முப்பது வருஷமாக இருந்தது.